நான்கு வருடப் படிப்பு நான்கு வருடத்தில் முடிவதில்லை, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சாக்பீஸ் கேட்டது:

வணக்கம். நான்கு வருட இளநிலைப் படிப்பு ஒன்றுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பாடம் நடத்தத்தான் வேலைக்கு வந்தவள், இப்போது பாதி நாள் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது. போன வாரம் கூட்டத்தில் டீன் ஒரு ஸ்லைடு போட்டார். எல்லாத் துறைக்கும் ஒரே ஒரு எண்தான், நான்கு வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்று. எங்கள் துறைக்குக் கடைசிக்கு முந்தைய இடம். ஏன் இப்படி, என்ன செய்யப் போகிறீர்கள், ஒரு மாதத்தில் அறிக்கை கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

துறைக்குள் விசாரித்தால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வருகிற பிள்ளைகளுக்கு அடிப்படையே சரியில்லை என்கிறார் சீனியர் ஒருவர். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறார்கள், அதனால்தான் என்கிறார் இன்னொருவர். பாடத்திட்டத்தில் சுமை அதிகம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும்தான், ஆனால் இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் அறிக்கை ஆகாது, புலம்பல் ஆகும்.

நானே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். என் எண்ணும் டீன் காட்டிய எண்ணும் ஒத்துவரவில்லை. இரண்டாம் வருடத்தில் நேரடியாக வந்து சேர்ந்தவர்கள், இங்கிருந்து வேறு துறைக்கு மாறிப் போனவர்கள், உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள், இவர்களையெல்லாம் எங்கே சேர்ப்பது? இன்னொன்றும் புரியவில்லை. முதல் வருடம் முடித்து இரண்டாம் வருடத்துக்கு வருகிறவர்கள் எங்களிடம் நிறையவே இருக்கிறார்கள், அந்த எண் மட்டும் பார்த்தால் நாங்கள் நல்ல துறை. அப்புறம் எங்கேதான் தேங்குகிறார்கள்?

இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கமிட்டி அமையுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எங்களிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது.


பதிவேட்டுக்காரர் எழுதியது:

பதிவாளர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன் மேடம். டீன் காட்டிய மாதிரி ஸ்லைடுகளைத் தயாரித்துக் கொடுத்த பாவம் எனக்கும் உண்டு, அதனால் பரிகாரமாக எழுதுகிறேன்.

முதலில் கீழே எதை வைத்து வகுத்தார்கள் என்று டீனிடம் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஒரு கணக்குக்காக ஒரு பேட்ச்சில் 100 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். நான்கு வருடம் கழித்து 50 பேர் பட்டம் வாங்கிவிட்டார்கள், 20 பேர் இன்னும் படிக்கிறார்கள், 12 பேர் அதே பல்கலைக்கழகத்தில் வேறு துறைக்குப் போய்விட்டார்கள், 8 பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள், 10 பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். ஸ்லைடில் 50 என்று மட்டும் வரும். பார்க்கிறவர் மீதி 50 பேரும் தொலைந்துபோனதாக நினைப்பார். உண்மையில் படிப்பைத் தொலைத்தவர்கள் 10 பேர்தான். மற்ற 40 பேரும் மூன்று வேறு கதை, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கும். இரண்டாம் வருடத்தில் நேரடியாக வந்த 15 பேர் பட்டம் வாங்கும்போது மேலே கூட்டிவிடுவார்கள், கீழே 100 என்பது 100 ஆகவே நிற்கும். துறைக்கு நல்ல பெயர், கணக்குக்குக் கெட்ட பெயர். நேரடியாக வருகிறவர்களுக்குத் தனி பேட்ச் போடுங்கள், கலக்கவே கலக்காதீர்கள்.

அமெரிக்காவில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. 1990இல் வந்த மாணவர் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டம் பெறும் விகிதத்தை வெளியிட வேண்டும், அதற்குக் கணக்கு வழக்கமான காலத்தைப் போல ஒன்றரை மடங்கு. நான்கு வருடப் படிப்பு என்றால் ஆறு வருடம். அங்கே செய்தியில் வருகிற விகிதம் பெரும்பாலும் இந்த ஆறு வருட விகிதம்தான், நம் ஆட்கள் அதை எடுத்துக் கொண்டுவந்து நம்முடைய நான்கு வருட எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். போதாதற்கு அந்தக் கணக்கில் முதல் முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் உண்டு. மாறி வந்தவர், பகுதிநேரமாகப் படிப்பவர் யாரும் இல்லை. இது ரொம்பப் பேரை விட்டுவிடுகிறது என்று புகார் கிளம்பித்தான் பிறகு அவர்களையும் சேர்த்து எட்டு வருடம் வரை பின்தொடரும் தனிக் கணக்கு ஒன்றை ஆரம்பித்தார்கள்.

தக்கவைப்பு விகிதம் வேறு, பட்ட விகிதம் வேறு என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முதலாவது, போன வருடம் சேர்ந்தவர் இந்த வருடமும் வந்தாரா என்பது மட்டும். உங்களுக்கு அது உயரமாகவும் பட்ட விகிதம் தாழ்வாகவும் இருக்கிறதென்றால், ஆட்கள் வாசலில் திரும்பிப் போகவில்லை, உள்ளே வந்து நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். என்னைக் கேட்டால் இது அதைவிட மோசம். முதல் வருடத்தில் போகிறவனுக்கு ஒரு வருடம் நஷ்டம், மூன்றாம் வருடத்தில் போகிறவனுக்கு மூன்று.


முடிச்சு எழுதியது:

மேலே சொன்ன நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயமே. தரவுப் பகுப்பாய்வு என் தொழில், ஒரு பல்கலைக்கழகத்துக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மாணவர் பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள், பாடத்திட்டத்தை எடுங்கள்.

ஒரு பெரிய தாளில் எல்லாப் பாடத்தையும் வட்டமாகப் போட்டு, எது முடித்தால்தான் எது எடுக்கலாம் என்று அம்புக்குறி போடுங்கள். கிரிகரி ஹைல்மன் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்தில் தவறினால் அதற்குப் பின்னால் எத்தனை பாடம் அடைபடுகிறது என்று எண்ணுவது ஒன்று. அந்தப் பாடம் வழியாகப் போகிற மிக நீளமான சங்கிலியில் எத்தனை பாடம் இருக்கிறது என்று எண்ணுவது இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் அந்தப் பாடத்தின் சிக்கல் மதிப்பு. எல்லாப் பாடத்துக்கும் கூட்டினால் பாடத்திட்டத்தின் சிக்கல். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை, தாளும் பென்சிலும் போதும். ஆனால் போட்டுப் பார்த்தால் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்தவர்களே ஆச்சரியப்படுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவர் ஒவ்வொரு அம்புக்குறியாகச் சேர்த்ததுதானே அது, முழுப் படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏழு பாடம் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற சங்கிலி இருக்கிறது என்று வைப்போம். மொத்தம் எட்டு செமஸ்டர். முதல் செமஸ்டரிலேயே தொடங்கினாலும் கையிருப்பு ஒரே ஒரு செமஸ்டர். அந்தச் சங்கிலியில் ஒரு பாடம் வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் நடத்தப்படுகிறது, அதில் ஒருவன் தவறுகிறான். அவனுக்குப் போவது இரண்டு செமஸ்டர். கடைசிப் பாடம் ஒன்பதாவது செமஸ்டருக்குத் தள்ளிப்போகும். அதற்கப்புறம் அவன் எல்லாவற்றிலும் முதல் மாணவனாகவே வந்தாலும் நான்கு வருடத்தில் முடிக்க வழியே இல்லை. அடிப்படை சரியில்லை என்று சொல்கிற உங்கள் சீனியரிடம் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

கிரெடிட் கணக்கையும், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவுக்கேற்ப வைத்திருக்கிற புள்ளிகளையும், ஒரு தடவை பாருங்கள். 120 கிரெடிட் வேண்டிய படிப்பில் செமஸ்டருக்கு 15 எடுத்தால்தான் எட்டில் முடியும். நிறைய இடங்களில் 12 எடுத்தாலே முழுநேர மாணவர் என்று ஏற்றுக்கொள்கிறார்கள், உதவித்தொகையும் கிடைத்துவிடுகிறது. 12 எடுத்துக்கொண்டே போனால் பத்து செமஸ்டர், ஒரு பாடத்தில்கூடத் தவறாமலேயே ஐந்து வருடம். சேர்ந்த அன்றைக்கே இதை யாராவது சொல்கிறார்களா? ஹவாய் பல்கலைக்கழகம் இந்த 15ஐ மட்டும் வைத்து ஒரு பிரச்சாரமே நடத்தியது, பிறகு மற்ற மாநிலங்களும் பிடித்துக்கொண்டன. (வேலைக்குப் போகிறவர்களை 15 எடு என்று விரட்டுவது வேறு வம்பில் கொண்டுபோய் விடும், அது தனிக் கதை.)

கடைசியாக ஒரு எச்சரிக்கை. படித்து முடிக்க ஆகும் சராசரிக் காலம் என்று ஒரு எண் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். அது முடித்தவர்களை மட்டும் வைத்துப் போடுவது. மெதுவாகப் போனவர்கள் எல்லாம் படிப்பை விட்டுவிட்டால் சராசரி குறைந்து அழகாகத் தெரியும். அவர்களைப் பிடித்து நிறுத்தி ஆறு வருடத்தில் கரையேற்றினால் சராசரி ஏறிவிடும். நல்லது செய்தால் கெட்ட பெயர் வாங்கித் தருகிற எண் அது. அதற்குப் பதில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் செமஸ்டர் வாரியாக முடித்தவர், தொடர்பவர், விலகியவர் என்று மூன்று கோடு வரையுங்கள். ஒரு முடிவு வர எத்தனை காலம் ஆகும் என்று கணிக்க 1958இல் கப்லானும் மையரும் கொடுத்த புள்ளியியல் முறையைச் சிலர் இதற்கு எடுப்பார்கள், அதில் விலகியவர்களை 'இன்னும் தெரியாது' என்ற பெட்டியில் போட்டுவிட்டால் பட்ட வாய்ப்பு இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். விலகுவதையும் ஒரு முடிவாகவே எண்ண வேண்டும்.


பழைய வாத்தியார் எழுதியது:

எல்லாம் சரி தம்பி. அம்புக்குறியை அழி, பாடத்தைச் சுலபமாக்கு, எல்லோருக்கும் பட்டம் கொடு, இதுதானே கடைசியில் வந்து நிற்கும்? முப்பது வருடம் பாடம் எடுத்தவன் நான். முதல் கணிதம் தெரியாதவனை இரண்டாம் கணிதத்தில் உட்காரவைப்பது அவனுக்குச் செய்கிற துரோகம். விகிதத்தை ஏற்றச் சொல்லி மேலேயிருந்து அழுத்தம் வரும்போதெல்லாம் வினாத்தாள் இளகுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லூரி காட்டும் பலனை வைத்துப் பணம் கொடுக்கிற வழக்கத்தை அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 1979இலேயே ஆரம்பித்தது, அப்புறம் பல மாநிலங்கள் பின்னாலேயே போயின. அதனால் பட்டம் வாங்குகிறவர்கள் பெரிதாகக் கூடிவிடவில்லை என்றுதான் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்கின்றன. சில இடங்களில் சேர்க்கும்போதே வடிகட்ட ஆரம்பித்துவிட்டார்கள். விகிதம் ஏற அதைவிடச் சுலபமான வழி இல்லையே.

மாணவர்களை மிரட்டியும் பார்த்தாயிற்று. நெதர்லாந்தில் 2012இல், காலம் கடந்து ஒரு வருடத்துக்கு மேல் படிப்பவர்களுக்கு அபராதம் என்று கொண்டுவந்தார்கள். அதே வருடமே வாபஸ் வாங்கினார்கள்.


முடிச்சு எழுதியது:

சார், முன்தேவை இல்லாமல் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே தேவைப்படுகிற அம்பு இருக்கட்டும், வினாத்தாளையும் யாரும் தொட வேண்டாம். அதே பாடத்தை, அதே தரத்தில், வருடத்துக்கு இரண்டு தடவை நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி. தவறியவன் பன்னிரண்டு மாதம் சும்மா காத்திருப்பதால் தரம் எப்படிக் கூடுகிறது? அந்தப் பன்னிரண்டு மாதத்தில் படித்ததும் மறந்துபோகும்.


ஆறு வருடக்காரன் எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எல்லோரும் சொல்கிற அந்த நடுவில் மாட்டியவன் நான்தான், நான்கு வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தேன். எந்த இடம் என்று சொல்லவில்லை, அங்கே வேலை பார்த்தவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை, யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் இதில் வேடிக்கையே.

மூன்றாவது செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது. சரி அரியர்தானே, அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த தடவை என்பது அடுத்த வருடம் என்று பதிவு செய்யப் போனபோதுதான் தெரியும். அந்த பேப்பர் இல்லாமல் அடுத்த செமஸ்டரின் இரண்டு பேப்பர் எடுக்க முடியாது. அதனால் அந்த செமஸ்டரில் எனக்கு எடுக்க இருந்ததே மூன்றுதான், நேரம் நிறைய இருக்கிறதே என்று ஒரு வேலையில் சேர்ந்தேன். கையில் காசு வந்ததும் வேலை நேரம் கூடியது. அடுத்த வருடம் அந்த பேப்பர் திரும்ப வந்தபோது வகுப்பு நேரமும் வேலை நேரமும் மோதின. மேடத்தின் துறையில் ஒருவர் சொல்கிற மாதிரி வேலைக்குப் போனதால்தான் படிப்பு போனது என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். பேப்பர் போனதால்தான் நான் வேலைக்கே போனேன்.

அதைவிட வலித்தது வேறு. என்னோடு சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். ஜூனியர்களோடு உட்கார வேண்டும். யாரிடமும் நோட்ஸ் கேட்கக் கூச்சம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுவேன். ஐந்தாவது வருடம் ஒரு சின்னக் கட்டணப் பாக்கி இருந்ததால் பதிவு முடங்கியது, அதைக்கூட ஒரு தானியங்கி மெயிலில்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தொகை எனக்கு அப்போது முடியாத தொகை இல்லை, ஆனால் ஏற்கெனவே போகலாமா வேண்டாமா என்று நின்றவனுக்கு அது போதுமான காரணமாகத் தெரிந்தது. ஒரு செமஸ்டர் போகவே இல்லை.

திரும்பி வந்ததற்குக் காரணம் அலுவலகத்தில் ஒரு கிளார்க் அக்கா. வேறு ஏதோ சான்றிதழுக்காகப் போனபோது கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உனக்கு இன்னும் ஐந்து பேப்பர்தானே தம்பி பாக்கி, ஏன் நிறுத்திவிட்டாய் என்றார். ஐந்துதான் பாக்கி என்று எனக்கே தெரியாது. நான் பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்று பயந்து எண்ணிப் பார்க்காமலே இருந்தேன்.


ஆலோசகர் எழுதியது:

ஆறு வருடக்காரன், எழுதியதற்கு நன்றி தம்பி. அந்த அக்கா செய்ததைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன், மாணவர் ஆலோசகர் வேலை.

வின்சென்ட் டின்டோ 1975இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தத் துறையில் ஒரு பேச்சு உண்டு. மாணவன் படிப்போடும் ஒட்ட வேண்டும், அங்கே உள்ள மனிதர்களோடும் ஒட்ட வேண்டும், இரண்டில் ஒன்று அறுந்தாலும் விலகும் வாய்ப்பு கூடும் என்பது அவர் வாதம். அது விடுதியில் தங்கி முழுநேரமாகப் படிக்கிற இளைஞர்களுக்குத்தான் பொருந்தும், வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் வெளிக்காரணங்கள்தான் பெரிது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். தம்பி சொன்ன கதையில் இரண்டும் இருக்கிறது பாருங்கள், பேப்பர் போனதும் கூட்டாளிகள் போனார்கள், வேலை உள்ளே வந்தது.

சாக்பீஸ் மேடம், எது வேலை செய்கிறது என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை உள்ள உதாரணம் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏசாப் என்ற திட்டம். இரண்டு வருடப் படிப்புக்கானது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, சோதித்துப் பார்த்த காலத்தில், 60 முதல் 80 மாணவருக்கு ஓர் ஆலோசகர், அவரை அடிக்கடி கட்டாயம் பார்க்க வேண்டும், பயண அட்டை இலவசம், புத்தக உதவி, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணமும் தள்ளுபடி. சீட்டுக் குலுக்குவது போல ஆட்களைப் பிரித்துச் சோதித்தார்கள், அதனால் ஆர்வமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள், மற்றவர்களில் 22 சதவீதம். செலவு தலைக்கு அதிகம்தான், ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு என்று வகுத்துப் பார்த்தால் குறைந்திருந்தது. ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் அதே மாதிரி செய்து பார்த்து அங்கேயும் நல்ல பலன் கிடைத்தது. இதில் எந்த ஒரு துண்டு வேலை செய்தது என்று பிரித்துக் கேட்டால் பதில் கிடையாது, எல்லாம் சேர்ந்துதான்.

தம்பியின் கட்டணப் பாக்கி மாதிரி விஷயத்துக்கு ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். சின்னப் பாக்கிக்காகப் பதிவு ரத்தாகிப் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், 2011 முதல் மாணவர் விண்ணப்பிக்காமலேயே தாங்களாகத் தேடிப் பிடித்து அந்தப் பாக்கியைக் கட்டிவிட ஆரம்பித்தார்கள். பட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு முன்னுரிமை. 2012 முதல் பதிவேட்டுத் தரவைத் தினமும் பார்த்து ஆலோசகருக்கு எச்சரிக்கை அனுப்புகிற முறையும் வந்தது. எல்லோரும் அந்த மென்பொருளைத்தான் வாங்க ஓடுகிறார்கள். எச்சரிக்கை வந்ததும் போன் எடுத்துப் பேச அங்கே ஏராளமான ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

வாத்தியார் ஐயாவுக்கும் ஒன்று. மிசௌரி கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973இல் ஒரு முறை தொடங்கினார்கள். தவறும் மாணவரைத் தேடாமல், நிறையப் பேர் தவறுகிற பாடத்தைத் தேடினார்கள். அந்தப் பாடத்தை ஏற்கெனவே நன்றாக முடித்த சீனியர் மாணவர் ஒருவர் மறுபடியும் வகுப்பில் போய் உட்காருவார், வாரா வாரம் தனியாகக் கூட்டம் வைத்து எல்லோரோடும் சேர்ந்து படிப்பார். யார் வேண்டுமானாலும் வரலாம். மக்கு என்று முத்திரை விழாது, வினாத்தாளும் மாறாது. இன்றைக்குப் பல நாடுகளில் இது நடக்கிறது. தம்பி மாதிரி கடைசி பெஞ்சில் கூச்சப்பட்டு உட்கார்ந்தவர்களுக்கு இது ரொம்ப உதவுகிறது என்பது என் அனுபவம்.


பழைய வாத்தியார் எழுதியது:

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவன் சொல்லிக்கொடுத்தால் மற்றவனுக்குச் சட்டென்று விளங்கும், நான் மூன்று தடவை சொன்னாலும் விளங்காது. வருடத்துக்கு இரண்டு தடவை நடத்துவதில் எனக்கு இருக்கிற ஒரே கேள்வி, ஆள் யார்? இரண்டாவது தடவை பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள், அதற்கு ஓர் ஆசிரியரை ஒதுக்கச் சொன்னால் துறைத்தலைவர் கணக்குப் பேசுவார்.


பதிவேட்டுக்காரர் எழுதியது:

ஐயா கேட்டது சரியான கேள்வி. நாங்கள் பார்த்த வரையில் விடுமுறையில் சுருக்கி நடத்துவது ஒரு வழி. பக்கத்துத் துறைக்கும் அதே பாடம் இருந்தால் அவர்கள் நடத்தும் செமஸ்டரில் நம் ஆட்களை அனுப்புவது இன்னொரு வழி, அதற்குக் கால அட்டவணை போடுகிறவர் காலில் விழ வேண்டும். எதற்கும் முன்னால், இரண்டாவது தடவை நடத்தினால் எத்தனை பேர் வருவார்கள் என்ற பட்டியலைத் துறைத்தலைவர் கையில் கொடுங்கள். பெயரோடு கொடுத்தால் கணக்குப் பேசுவது கொஞ்சம் கஷ்டம்.


சாக்பீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக இதையேதான் செய்துகொண்டிருந்தேன், அதனால் பதில் எழுதத் தாமதம்.

அம்புக்குறிப் படம் போட்டேன். சார்ட் பேப்பர் இரண்டை ஒட்டித்தான் போட முடிந்தது. நான்காவது செமஸ்டரில் ஒரு பாடம், வருடத்துக்கு ஒரு தடவைதான், அதற்குப் பின்னால் ஐந்து பாடம் அடைபட்டு நிற்கிறது. அதில் இரண்டு அம்பை யார் எப்போது எதற்காகப் போட்டார்கள் என்று துறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கூட்டக் குறிப்பில்கூட இல்லை. அந்த இரண்டு பாடத்தையும் எடுக்கிற ஆசிரியர்களையே கேட்டேன். எனக்கு அந்த முன்தேவை வேண்டவே வேண்டாம், பட்டியலில் இருந்தது, நானும் விட்டுவிட்டேன் என்று இருவரும் சொன்னார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னும் முடிக்காதவர்கள் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் என்ன பாக்கி என்று பார்த்தேன். ஆறு வருடக்காரன் தம்பி சொன்னது மனதில் இருந்ததால் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை மட்டும் நானே போனில் கூப்பிட்டேன். சிலர் எடுக்கவில்லை. ஒருவருக்கு இரண்டே பாடம்தான் பாக்கி. பட்டம் வாங்கும் காலக்கெடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், விதிப்படி இன்னும் அவகாசம் இருக்கிறது. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவருக்கு.

அறிக்கையில் முதல் பக்கம் வரையறை, இரண்டாம் பக்கம் மூன்று கோட்டுப் படம், மூன்றாம் பக்கம் அந்த ஒரு பாடம். இரண்டு அம்பை நீக்கவும், அந்தப் பாடத்தை விடுமுறையில் இன்னொரு தடவை நடத்தவும், அதற்கு ஒரு சீனியர் மாணவரை அமர்த்தவும் கேட்டிருக்கிறேன், பட்டியல் பெயரோடு இணைத்திருக்கிறேன். சராசரிக் காலம் கேட்டார் டீன், கொடுக்கவில்லை, ஏன் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். போன் எடுக்காதவர்களை என்ன செய்வது? மெயில் அனுப்பினால் படிப்பார்களா?


ஆறு வருடக்காரன் எழுதியது:

மேடம், மெயில் வேண்டாம், நான் படித்ததே இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற எதுவும் கெட்ட செய்தி என்று திறக்காமலே விடுவேன். அவர்களோடு சேர்ந்து படித்த யாராவது ஒருவரைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது எத்தனை பேப்பர் பாக்கி என்ற எண்ணை முதலில் சொல்லச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.


சாக்பீஸ் எழுதியது:

சரி தம்பி. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் பழைய வகுப்புத் தோழர் யாராவது கிடைத்துவிட்டார்கள். நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.